அத்தியாயம் 6: வாகைக்குளம் முதல் மீனம்பாக்கம் வரை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சாலை வழி 600 கிலோமீட்டருக்கு மேல். முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஓடும் ரயில் பாதை 650-ஐ ஒட்டி வரும். வான்வழி 530. இந்தக் கடைசி எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி, அதிலிருந்து பறக்கும் நேரத்தையும் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். கையில் போனும் ஒரு தாளும் இருந்தால் போதும். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் உடனே வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அந்தத் தளங்களில் பல ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளக்கின்றன. எல்லா விமானமும் பெரிய ஜெட் என்று வைத்துக்கொண்டுதான் நேரத்தையும் சொல்கின்றன. தூத்துக்குடி போன்ற நிலையத்துக்கு இரண்டுமே பொருந்தாது. நம் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. 1992-இல் திறந்த நாளிலிருந்து ஓடுபாதை வெறும் 1,351 மீட்டர்தான் என்பதால் வருடக்கணக்கில் ஏடிஆர் மாதிரியான விசிறி விமானங்கள் மட்டுமே இங்கே இறங்கி ஏறின. பிறகு ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டினார்கள். புது முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. இப்போது பெரிய ஜெட் விமானமும் இறங்கலாம். உங்கள் டிக்கெட்டில் எந்த விமானம் என்பதைப் பார்த்த பிறகே நேரக் கணக்கில் இறங்குங்கள்.

முதல் வேலை: தூரம்

1. போனில் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். வாகைக்குளம் ஓடுபாதை தெரியும்வரை பெரிதாக்கி, அதன் நடுவில் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சம், அடுத்தது தீர்க்கம். இரண்டு தசம இடம் போதும்: 8.72, 78.03.

2. மீனம்பாக்கத்துக்கும் அப்படியே: 12.99, 80.18.

3. அட்சத்தைக் கழியுங்கள்: 12.99 - 8.72 = 4.27. ஓர் அட்சப் பாகைக்கு 111 கிலோமீட்டர். 4.27 × 111 = 474. இவ்வளவு தூரம் வடக்கே போக வேண்டும்.

4. தீர்க்கத்தைக் கழியுங்கள்: 80.18 - 78.03 = 2.15. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் 111-ஐ இங்கே போடக் கூடாது. தமிழ்நாட்டின் அட்சத்துக்கு 109 சரியாக இருக்கும். 2.15 × 109 = 234. இவ்வளவு கிழக்கே.

5. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 474-இன் வர்க்கம் 2,24,676. 234-இன் வர்க்கம் 54,756. கூட்டினால் 2,79,432. மூலம் 529. போனைக் குறுக்கே திருப்பினால் கால்குலேட்டரில் வர்க்கமூலக் குறி வரும்.

529 கிலோமீட்டர். இவ்வளவு சின்னத் தூரத்தில் பூமியின் வளைவு விடையைக் கெடுக்காது. தூத்துக்குடியிலிருந்து டெல்லிக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மட்டும் வளைவையும் சேர்க்கும் சூத்திரத்துக்குப் போக வேண்டும்.

6. விமானிகளின் கணக்கு கடல்மைலில் ஓடுகிறது. 529-ஐ 1.852-ஆல் வகுத்தால் 286 கடல்மைல். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அளவு பழகியதுதான். கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரே மைல், ஒரே நாட்.

பெங்களூருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். கெம்பேகௌடா நிலையம் 13.20, 77.71. விடை 498 கிலோமீட்டர், அதாவது 269 கடல்மைல். வேறு விடை வந்தால் கீழே உள்ளதைப் படியுங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

பாகை-நிமிடத்தைத் தசமமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். தூத்துக்குடி நிலையம் 8 பாகை 43 நிமிடத்தில் இருக்கிறது. அதை 8.43 என்று எழுதினால் 32 கிலோமீட்டர் தெற்கே போய்விடுவீர்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் 8.72 வரும்.

அடுத்தது குறியீட்டுக் குழப்பம். தூத்துக்குடிக்கு டிசிஆர். திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, திருச்சிக்கு டிஆர்இசட், திருப்பதிக்கு டிஐஆர். அவசரத்தில் டிக்கெட் எடுக்கும்போது முதல் எழுத்தைப் பார்த்து ஒன்றை அழுத்திவிட்டால், தூரம் மட்டுமல்ல, பணமும் போகும். குறியீட்டோடு ஊர்ப் பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மைல் என்று மட்டும் போட்டிருந்தால் அது தரைமைலா கடல்மைலா என்று பாருங்கள். தரைமைல் 1.609 கிலோமீட்டர். 286 கடல்மைலைத் தரைமைல் என்று எண்ணினால் சென்னை 70 கிலோமீட்டர் கிட்டே வந்துவிடும்.

இரண்டாவது வேலை: நேரம்

நேர்க்கோட்டை வரைபடத்தில் இழுத்தால் நெய்வேலியைத் தொட்டுக்கொண்டு, தஞ்சாவூரின் மேற்கு ஓரமாக வந்து, சிவகங்கைக்குக் கொஞ்சம் கிழக்கே இறங்கி வாகைக்குளம் சேரும். விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. குறித்து வைத்த வான்பாதைப் புள்ளிகள் வழியாகத்தான் போகும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்ற வேண்டும். அதற்காக 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 286 என்பது 300 கடல்மைல் ஆகிறது.

1. விமான வகையின் வேகத்தை எடுங்கள். ஏடிஆர் 72 என்றால் 265 நாட், அதாவது மணிக்கு 265 கடல்மைல். ஏர்பஸ் ஏ320 என்றால் 440 நாட்.

2. தூரத்தை வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். ஏடிஆர்: 300 ÷ 265 × 60 = 68 நிமிடம். ஏ320: 300 ÷ 440 × 60 = 41 நிமிடம்.

3. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. ஏடிஆருக்கு 10 நிமிடம், ஜெட்டுக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். ஜெட் அதிக உயரத்துக்கு ஏற வேண்டியிருப்பதால் அதற்குத்தான் இழப்பு கூடுதல்.

4. தரையில் உருளும் நேரம்: இரண்டு முனையும் சேர்த்து 15 நிமிடம். இதில் பெரும்பங்கு மீனம்பாக்கத்துக்கே போகும்.

ஏடிஆருக்கு 93 நிமிடம். ஜெட்டுக்கு 71 நிமிடம்.

இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜெட்டின் வேகம் ஏடிஆரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மிச்சமாவதோ இருபது நிமிடம் சொச்சம். சிறு தூரத்தில் வேகத்தைவிட ஏறி இறங்கி உருளும் நேரம்தான் கணக்கை ஆட்டிவைக்கிறது. ‘ஜெட் வந்துவிட்டது, இனி அரை மணியில் சென்னை’ என்று யாராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள். ஜெட்டால் வேறு லாபம் உண்டு: இருக்கை அதிகம், சாமான் வைக்க இடம் அதிகம்.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் பிளாக் டைம். சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து மறுமுனையில் கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. நிறுவனங்கள் அதில் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துப் போடும். பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் போய்ச் சேர்வது இதனால்தான்.

கச்சான் காற்று எவ்வளவு தின்னும்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (இந்தக் கரையில் கடைசியாக நடந்தது 1961-இல்) தோணிகள் நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் கிளம்பி விடியலில் முத்துச்சிப்பி விளையும் பாருக்குப் போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பும். காற்று மாறினால் போகும் நேரம் தலைகீழாகிவிடும். விமானத்துக்கும் காற்று உண்டு, ஆனால் இந்தத் தடத்தில் அது கொஞ்சம்தான் தின்னும்.

காரணம் திசை. சென்னை-தூத்துக்குடி கிட்டத்தட்ட வடக்கு-தெற்கு. கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. எனவே அதன் பெரும்பகுதி பக்கவாட்டில் போய்விடும். நம் கணக்கிலேயே விடை இருக்கிறது. கிழக்கு-மேற்குத் தூரத்தை மொத்தத் தூரத்தால் வகுங்கள்: 234 ÷ 529 = 0.44. மேற்குக் காற்று 30 நாட் அடித்தால் 13 நாட்தான் எதிர்க்காற்றாக அமையும். சென்னையிலிருந்து வரும்போது 265-இல் 13-ஐக் கழித்து 252, போகும்போது கூட்டி 278. வரும்போது மூன்று, நான்கு நிமிடம் அதிகம், போகும்போது அதே அளவு மிச்சம். அவ்வளவுதான். உயரத்துக்கு ஏற்ற காற்றை விண்டி செயலியில் பார்க்கலாம். தரைக் காற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஏடிஆர் பறக்கும் உயரத்தில் காற்று வேறு மாதிரி இருக்கும்.

காற்று வேறொரு வகையில் முக்கியம். வாகைக்குளத்தில் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு-மேற்காகப் படுத்திருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். கச்சான் மாதங்களில் கிழக்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து, மேற்கு நோக்கி இறங்குவது வழக்கம். வாடையும் கொண்டலும் அடிக்கும் மாதங்களில் நேர்மாறு. அதற்காக ஒரு சுற்று கூடினால் ஐந்து நிமிடம். கடல் பக்கமிருந்து இறங்கும் நாளில் உப்பளங்களின் சதுரங்களும், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களும், முயல் தீவும் கண்ணில் படும். சென்னையிலிருந்து வரும்போது இடப்பக்க ஜன்னல்தான் கடல் பக்கம். காலை விமானத்தில் வெயிலும் அந்தப் பக்கமே.

மூன்றாவது வேலை: வாசல் முதல் வாசல் வரை

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தூத்துக்குடி ஊருக்குள் இருப்பவருக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

1. வீட்டிலிருந்து வாகைக்குளம்: 40 நிமிடம். புதுக்கோட்டை தாண்டிச் சுங்கச்சாவடி இருக்கிறது, காரில் போனால் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.
2. புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில்: 90 நிமிடம். சாமான் ஒப்படைக்கும் கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். உங்கள் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். சின்ன நிலையம்தானே, கடைசி நேரத்தில் நுழைந்துகொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். கவுன்ட்டர் மூடும் நேரம் டெல்லிக்கும் வாகைக்குளத்துக்கும் ஒன்றே.
3. விமானம்: 93 நிமிடம்.
4. இறங்கிச் சாமான் எடுத்து வெளியே வர: 30 நிமிடம்.
5. மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள்: 60 நிமிடம். மெட்ரோ என்றால் நம்பிக் கணக்குப் போடலாம், ஜி.எஸ்.டி. சாலையை நம்ப முடியாது.

மொத்தம் 313 நிமிடம், ஐந்தே கால் மணி நேரம். அதில் காற்றில் இருப்பது ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான்.

முத்துநகரில் ஒரு முழு இரவு. எண்ணிக்கையில் விமானத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்த நேரம் தூக்கத்தில் போகிறது, விடிந்தால் எழும்பூர். காலை பத்து மணிக்குச் சென்னையில் வேலை இருப்பவருக்கு நான் ரயிலையே சொல்வேன். காலை விமானத்தை நம்பினால் ஒரு தாமதம் போதும், வேலை கெட்டுவிடும். மாலைக் கூட்டத்துக்கும், அன்றே திரும்ப வேண்டிய மருத்துவமனைப் பயணத்துக்கும், சென்னையிலிருந்து இரவில் வெளிநாடு கிளம்புவதற்கும் விமானம் சரி.

*குறிப்பு:* ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள பெட்டி சிறியது. பெரிய டிராலியை ஏணிப்படி அருகே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். மக்ரூன் பாக்கெட்டை அந்த டிராலிக்குள் வைத்தால் சென்னையில் தூளாகத்தான் எடுப்பீர்கள். தனிப் பையில் போட்டுக் கையில் வையுங்கள். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் சாமானுக்குள் அது போகக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கொழும்பு: நேர்த்தூரம் ஏமாற்றும் இடம்

கட்டுநாயக்க நிலையம் 7.18, 79.88. கணக்குப் போட்டால் வாகைக்குளத்திலிருந்து சுமார் 265 கிலோமீட்டர். சென்னைக்கு உள்ள தூரத்தில் பாதி. ஏடிஆரில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் நேர் விமானம் இல்லை. சென்னை வழியாகப் போனால் 529-உம் 646-உம் சேர்ந்து 1,175 கிலோமீட்டர் ஆகிறது. வடக்கே போய் மறுபடி தெற்கே வருகிறீர்கள்.

இதற்கு மதுரை நல்ல வழி. அங்கிருந்து கொழும்புக்கு நேர் விமானம் உண்டு, 354 கிலோமீட்டர்தான். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை நிலையத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் சில மாதம் ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. 152 கடல்மைலுக்கு 14 மணி நேரம். அதுவும் இப்போது இல்லை. எனவே எந்த இரண்டு ஊருக்கும் தூரம் போடும் முன் நேர் சேவை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேருங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதலாவது தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் நிறுவனம் வேறு வழி செய்து தரும். தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்களுடையது. சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு மாறுபவர்கள் தனி டிக்கெட்டில் நான்கு மணி நேர இடைவெளிக்குக் குறைய வேண்டாம்.

எந்த மாதத்தில் எவ்வளவு இடைவெளி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை முனையில் மழை, தூத்துக்குடி முனையில் மழை, எது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது விமானம், சாலை, ரயில் எல்லாமே நின்றன. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. இந்த மாதங்களில் கல்யாணம், தேர்வு, விசா நேர்காணல் என்று தவறவிட முடியாத காரியம் இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

போகிப் பண்டிகை அன்று அதிகாலை விமானம் வேண்டவே வேண்டாம். சென்னையில் எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கம் ஓடுபாதையை மறைத்துவிடும். பத்து மணிக்கு மேல் உள்ளதை எடுங்கள். மற்ற மாதங்களில் ஒரு மணி நேர இடைவெளி தாராளம்.

தாமதம், ரத்து, திசைமாற்றம்

பிளாக் டைம் கணக்கு இங்கேயும் உதவும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

1. பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.
2. உரிய நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்ட ஈடு உண்டு. பிளாக் டைம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. சென்னை, பெங்களூர்த் தடங்கள் இரண்டும் நடு வகையில் வருகின்றன.
3. மழை, புயல் காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. பணத்தைத் திரும்பப் பெறுவது அல்லது மாற்று விமானம், அவ்வளவே.

வாகைக்குளத்தில் இறங்க முடியாமல் திசை திருப்பினால் பக்கத்தில் இருப்பவை மதுரையும் திருவனந்தபுரமும். நம் முறையில் போட்டால் மதுரை 123 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 124. வானத்தில் ஒரே தூரம். தரையில் அப்படியில்லை. மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம். திருவனந்தபுரத்திலிருந்து மலையைச் சுற்றி நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

அப்படி வேறு நிலையத்தில் விமானம் இறங்கினால் உடனே வெளியேறி டாக்ஸி பிடிக்க ஓடாதீர்கள். மழை விட்டால் அதே விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பக் கிளம்பக்கூடும். ஒப்படைத்த சாமான் அடியில் இருக்கிறது, நீங்கள் இறங்கினாலும் அது உங்களோடு வராமல் போகலாம். பணிப்பெண்ணிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: திரும்பக் கிளம்பும் எண்ணம் உண்டா, இல்லையென்றால் பேருந்து ஏற்பாடு யார் செய்கிறார்கள், சாமான் எங்கே கிடைக்கும். மதுரை என்றால் ஒரு மணி நேரம் காத்துப் பார்த்துவிட்டுச் சாலையைப் பிடிக்கலாம். திருவனந்தபுரம் என்றால், இரவாக இருந்தால் குறிப்பாக, விமானத்தோடேயே இருங்கள்.